நாலு கிண்ணம், ஒரு பாட்டில்: மடிநோய் சோதனைத் தட்டு எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

கால்நடை மருந்துக் கடையில் 'சிஎம்டி கிட்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கலிபோர்னியா மாஸ்டைடிஸ் டெஸ்ட், அதாவது மடிநோய்ச் சோதனை என்பதன் சுருக்கம் அது. கைப்பிடி வைத்த வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, அதில் ஆழமில்லாத நாலு கிண்ணம், ஊதா நிறக் கரைசல் ஒரு பாட்டில், படம் போட்ட அட்டை ஒன்று. பெட்டிக்குள் இவ்வளவுதான். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனால் கொட்டகையில் நின்றபடியே, மின்சாரமோ பேட்டரியோ இல்லாமல், அரை நிமிடத்தில் எந்தக் காம்பில் கோளாறு என்று காட்டுவதற்கு இதைவிட மலிவாக நம்பகமான வழி கிடையாது. இரண்டே மாடு வைத்திருப்பவரும் தயங்காமல் வாங்கலாம். ஒரே நிபந்தனை, இந்தத் தட்டு சொல்லாததை அதன் வாயில் திணிக்கக் கூடாது. 'வாங்கினேன், ஒன்றுக்கும் உதவவில்லை' என்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

மடி கல் மாதிரி இறுகி, காம்பிலிருந்து தயிர்த்திப்பி போல வரும்போது எந்தச் சோதனையும் வேண்டாம், கண்ணே போதும். இந்தத் தட்டு அதற்கானதில்லை. இன்னொரு வகை உண்டு. பால் வெள்ளையாகத்தான் இருக்கும், மடி மெத்தென்றுதான் இருக்கும், மாடும் வழக்கம்போல் தின்னும். ஆனால் வேளைக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் குறையும், பால் சங்கத்தில் எஸ்.என்.எஃப் (கொழுப்பு போக மீதித் திடப்பொருள்) இறங்கி விலை வெட்டுப்படும். பிண்ணாக்கில் கலப்படம், கறப்பவன் சரியில்லை, கண்ணுபட்டுவிட்டது என்று பழி எங்கெங்கோ போகும். வெளியே தெரியாத இந்த மடிநோயைப் பிடிக்கத்தான் தட்டு.

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஷாம், நூர்லாண்டர் என்ற இருவர் 1957இல் கொண்டுவந்த முறை இது. அதற்கு முன்பே 1939இல் வைட்சைடு என்பவர் பாலில் காஸ்டிக் சோடாக் கரைசல் சொட்டு விட்டுக் கலக்கினால் நோய்ப்பால் கோழைபோல் திரள்வதைக் காட்டியிருந்தார். டேவிஸ்காரர்கள் காஸ்டிக்கை எடுத்துவிட்டு, கையைச் சுடாத சோப்புப் பொருளைப் போட்டு, நிறம் காட்டும் புரோமோகிரெசால் பர்ப்பிளையும் சேர்த்தார்கள். மடிக்குள் கிருமி நுழைந்ததும் அதை எதிர்க்க வெள்ளணுக்கள் பாலுக்குள் படையெடுத்து வருகின்றன. சோப்பு அந்த அணுக்களின் சவ்வை உடைக்க, உள்ளே இருக்கும் டி.என்.ஏ நூல் நூலாக வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக் கொழகொழப்பாகிறது. அணு எவ்வளவு கூடுதலோ கூழ் அவ்வளவு கெட்டி. ஆக, நீங்கள் கிண்ணத்தில் பார்ப்பது கிருமியை அல்ல. கிருமிக்கு எதிராக மாடு அனுப்பிய படையை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

சாமானின் தரத்துக்கு வருவோம். கிண்ணத்தின் உட்சுவரில் அளவுக்கோடு தெளிவாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். மலிவுத் தட்டுகளில் கோடு மங்கலாக இருக்கும், சிலதில் கோடே இருக்காது. கோடு இல்லாத தட்டில் அளவு தப்பும்; அளவு தப்பினால் முடிவும் தப்பு. அடிப்பாகம் வழவழப்பாக இருக்க வேண்டும். தேங்காய் நாரோ கம்பிச் சுருளோ போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், போன மாட்டின் கூழ் கீறலில் ஒட்டிக்கொண்டு அடுத்த மாட்டையும் நோய்க்காரியாகக் காட்டும். பச்சைத் தண்ணீரில் அலசி, விரலால் துடைத்து, உதறினால் போதும். பாட்டில் நுனி வாய் உள்ளதாக, அமுக்கினால் சீராக ஊற்றுவதாக இருந்தால் நல்லது. கரைசல் நீர்த்ததாகவும் வரும், செறிவாகவும் வரும். செறிவானதை லேபிளில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீர் சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். நீர்க்காமல் அப்படியே ஊற்றிவிட்டு 'எல்லா மாட்டுக்கும் நோய் காட்டுது' என்று அலறுவது அடிக்கடி நடக்கிறது.

சோதிக்கும் நேரம் கறப்பதற்குச் சற்று முன்பு. கறந்து முடித்த கடைசிப் பாலில் அணு எண்ணிக்கை இயல்பாகவே கூடுதல், அது அடங்கச் சில மணி நேரம் பிடிக்கும். காலையில் ஒரு மாதம், மாலையில் ஒரு மாதம் என்று மாற்றாமல் ஒரே வேளையில் செய்தால்தான் மாதத்துக்கு மாதம் ஒப்பிட முடியும். மடியைக் கழுவினால் துணியால் ஈரம் போகத் துடையுங்கள், சொட்டும் தண்ணீர் கிண்ணத்தில் விழுந்தால் பால் நீர்த்துவிடும். காம்பு ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு மூன்று பீய்ச்சலை ஒரு கருப்புத் தட்டிலோ கருப்புத் துணியிலோ பீய்ச்சிப் பாருங்கள். திரி, திப்பி, ரத்தக் கீற்று இருந்தால் கருப்பில்தான் தெரியும். வெள்ளைத் தட்டில் மறைந்துபோகும். தட்டை வெள்ளையாகச் செய்வது நிறமாற்றம் தெரிவதற்காக, ஆனால் அதனாலேயே திப்பி தெரியாது. கருப்புத் துண்டு ஒன்றைப் பெட்டியோடு கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

பிறகு நாலு காம்பிலிருந்தும் நாலு கிண்ணத்தில் பீய்ச்சுங்கள். தட்டின் கைப்பிடி எப்போதும் வால் பக்கம் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் எந்தக் கிண்ணம் எந்தக் காம்பு என்ற குழப்பம் வராது. தட்டைச் சாய்த்துக் கூடுதல் பாலைக் கொட்டி, கோட்டளவுக்கு, சுமார் 2 மி.லி. மட்டும் தங்கவிடுங்கள். அதே அளவு கரைசலைக் கிண்ணத்தின் ஓரமாக, மெதுவாக ஊற்றுங்கள். உயரத்திலிருந்து வேகமாகப் பீய்ச்சினால் நுரை எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும். தட்டை மட்டமாகப் பிடித்து, அரிசி களைவதுபோல் வட்டமாகச் சுழற்றுங்கள். 10 விநாடியில் பார்க்கத் தொடங்கி 20 விநாடிக்குள் முடிவைச் சொல்லிவிட வேண்டும். இதில் தாமதம் கூடாது, ஏனென்றால் இலேசான கொழகொழப்பு சுழற்றச் சுழற்றக் கரைந்து காணாமல் போகும். தட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் காட்டி ஆலோசித்தால் நோய் மாடும் நல்ல மாடாகிவிடும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது அளவில்தான். பால் 4, கரைசல் 2 என்றானால் கூழ் சரியாகத் திரளாது, நோய் மறைந்துவிடும். கரைசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று செய்வதன் விளைவு இது. உண்மையில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. ஒரு மாட்டுக்கு 8 மி.லி., சிந்தலும் சேர்த்து 10 என்று வையுங்கள். 500 மி.லி. பாட்டிலில் ஐம்பது மாடு பார்க்கலாம். ஐந்து கறவை மாட்டுக்கு மாதம் ஒருமுறை என்றால் பத்து மாதத்துக்குப் போதும். பாட்டில் விலையை ஐம்பதால் வகுத்துப் பார்த்துவிட்டு முழு அளவு ஊற்றுங்கள்.

இனி அட்டையில் உள்ள படிகள். கலவை தண்ணீர்போல் ஓடினால் காம்பு சுத்தம், ஒரு மி.லி. பாலில் அணுக்கள் 2 லட்சத்துக்குள். இலேசாகக் கொழகொழத்து, சுழற்றும்போதே மறைந்தால் 'சுவடு', 1.5 முதல் 5 லட்சம் வரை. கொழகொழப்பு தெளிவாகத் தெரிந்து, ஆனால் கட்டியாகத் திரளாமல் இருந்தால் படி 1, அதாவது 4 முதல் 15 லட்சம். ஊற்றியவுடனே தடித்து, சுழற்றும்போது நடுவில் கூடி, நிறுத்தியதும் பரவினால் படி 2, அதாவது 8 முதல் 50 லட்சம். நடுவில் மேடு கட்டி, கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு நின்றால் படி 3, அதாவது 50 லட்சத்துக்கும் மேல். எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதைக் கவனியுங்கள், அது அச்சுப்பிழை இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பு என்பதால் அவ்வளவு தளர்வு உண்டு. '1 என்றால் இத்தனை லட்சம்' என்று யாராவது அடித்துச் சொன்னால் அவர் தட்டைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்திருக்கிறார்.

நிறம் துணைச் சாட்சி மட்டுமே. ஊதா இன்னும் ஆழமாக மாறினால் பாலின் காரத்தன்மை கூடியிருக்கிறது என்று பொருள். வீக்கம் உள்ள மடியிலும், பால் வற்றப்போகும் மாட்டிலும் அப்படி ஆகும். மஞ்சளாக மாறுவது அரிது, பால் மடிக்குள்ளேயே புளித்திருக்கிறது என்று காட்டும். கொழகொழப்பும் நிறமும் முரண்பட்டால் கொழகொழப்பையே நம்புங்கள். முக்கியமாக, மடியில் சுண்ணாம்பு கலந்த பத்துப் போட்டிருந்தால் நன்றாகக் கழுவிய பிறகே சோதியுங்கள். சுண்ணாம்பு ஒரு துளி விழுந்தாலும் நிறம் பொய் சொல்லும்.

வாளிப் பாலில் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ஒரு காம்பில் 12 லட்சம், மற்ற மூன்றிலும் தலா ஒரு லட்சம் என்று வையுங்கள். நாலும் சமமாகக் கறந்தால் வாளியில் சராசரி 3.75 லட்சம், 'சுவடு' என்று கடந்துபோய்விடுவீர்கள். நாலு கிண்ணம் வைத்திருப்பதே காம்பு காம்பாகப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான். தட்டின் மொத்தப் பெருமையும் அதில் இருக்கிறது.

தட்டு பொய் சொல்லும் காலங்கள் உண்டு. கன்று ஈன்ற முதல் சில நாள் சீம்பாலில் நாலு கிண்ணமும் கூழாகும், அது நோயில்லை. நாலாம், ஐந்தாம் நாளில் பாருங்கள். மூன்று தெளிவாகி ஒன்று மட்டும் திரண்டு நின்றால் அந்தக் காம்பில் விஷயம் இருக்கிறது. அதுபோல வற்றப்போகும் மாட்டில் பால் குறையக் குறைய அணுக்கள் செறிந்து நாலிலும் 'சுவடு', 1 என்று காட்டும். இங்கேயும் நாலும் ஒரே மாதிரியா, ஒன்று மட்டும் வேறா என்பதுதான் கேள்வி. இதற்கு நேர் எதிராக, திடீரென்று காய்ச்சல் ஏறி, பால் மோர்த்தெளிவுபோல் வரும் கடுமையான மடிநோயில் தட்டு அவ்வளவாகக் காட்டாமலும் போகலாம். அப்போது தட்டைத் தூக்கி வைத்துவிட்டு வெப்பமானியை எடுங்கள். மாட்டின் இயல்பான உடல் வெப்பம் 101.5 டிகிரி பாரன்ஹீட் அளவில் இருக்கும். 103ஐத் தாண்டி, மாடு தீனி எடுக்காமல் நின்றால் அன்றே மருத்துவர் வர வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

எந்தக் கிருமி என்பதை மட்டும் இந்தத் தட்டு ஒருபோதும் சொல்லாது, அதைச் சொல்ல வைக்கப் பார்ப்பதால்தான் பணம் வீணாகிறது. கிண்ணத்தில் 3 என்று கண்டதும் கடைக்குப் போய் ஒரு ஆன்டிபயாட்டிக் ட்யூப் வாங்கிக் காம்பில் ஏற்றுவது பரவலாக நடக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்றால் பென்சிலின் வகைக்கு நன்றாகவே அடங்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மடித்திசுவுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். கறவைக் காலத்தில் ட்யூபுக்கு எளிதில் மசியாது. மைகோபிளாஸ்மா என்றால் அதற்குச் செல்சுவரே கிடையாது, செல்சுவரைத் தாக்கும் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. மூன்றுக்கும் கிண்ணத்தில் ஒரே கூழ்தான்.

ஆகவே 2, 3 காட்டும் காம்பிலிருந்து பால் மாதிரி எடுத்து, கிருமி வளர்ப்பும் மருந்து ஏற்புச் சோதனையும் (அந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது) செய்யக் கொடுங்கள். மாவட்டத்தின் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிலோ, அருகில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விசாரிக்கலாம். மாதிரி எடுப்பதில்தான் கெடுப்பது அதிகம். ஆன்டிபயாட்டிக் போடும் முன்பே எடுக்க வேண்டும். கையைக் கழுவி, முதல் பீய்ச்சல்களை வெளியே விட்டு, 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைத் துடைக்க வேண்டும், ஒரு காம்புக்கு ஒரு பஞ்சு. துடைக்கும்போது தூரத்துக் காம்பை முதலில், கிட்டத்தை அடுத்து. பால் எடுக்கும்போது கிட்டத்தை முதலில், தூரத்தை அடுத்து. இப்படிச் செய்தால் துடைத்த காம்பின்மேல் கை உரசாது. கிருமி நீக்கிய குப்பியைச் சாய்வாகப் பிடித்து 3 முதல் 5 மி.லி. போதும். மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் விட்டுவிட்டுத்தான் பாலில் இறங்கும் என்பதால், 'கிருமி இல்லை' என்ற ஒரே ஒரு முடிவை வைத்து நிம்மதியாகிவிட வேண்டாம்.

மற்ற சோதனைகளோடு ஒப்பிட்டால்? சலவைத்தூள் 3 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து அதே தட்டில் ஊற்றினாலும் கூழ் திரளும், வேதியியல் ஒன்றுதான். நிறம் காட்டாது, தூளுக்குத் தூள் வலிமை மாறும், ஆனால் பாட்டில் தீர்ந்த அவசரத்துக்கு மோசமில்லை. நல்ல காம்பு என்று தெரிந்த ஒன்றின் பாலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பி.எச் பட்டைகள் இன்னும் மலிவு, இருப்பதிலேயே பலவீனமும் அவைதான். நல்ல பாலின் பி.எச் 6.6 அளவில் இருக்கும், மடிநோயில் 6.8ஐத் தாண்டும். அந்தச் சிறு இடைவெளியைக் கொட்டகை வெளிச்சத்தில் நிறம் பார்த்துப் பிடிப்பது கடினம், இலேசான நோய் நழுவிவிடும். பாலின் மின்கடத்து திறனை எண்ணாகக் காட்டும் கைக்கருவியும் கிடைக்கிறது. வீக்கமுள்ள மடியில் உப்புச்சத்து பாலில் கூடும், அதனால் எண் ஏறும் என்பது கணக்கு. நோய்ப்பால் உப்புக் கரிப்பதும் இதனால்தான். ஆனால் அந்த எண் மாட்டுக்கு மாடு, பாலின் சூட்டுக்குச் சூடு மாறுவதால், ஒரே மாட்டின் நாலு காம்பை ஒப்பிடத்தான் உருப்படியாக உதவும். ஒப்பிட மட்டும்தான் என்றால் அவ்வளவு விலை எதற்கு? ஐம்பது, நூறு மாடு வைத்திருக்கும் பண்ணைக்கு ஒரு நிமிடத்துக்குள் எண்ணிக்கை தரும் டிலாவல் செல் கவுண்டர் போன்ற கருவி பொருந்தலாம். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு காசெட் செலவாகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்த பிறகு என்ன செய்வது என்பதை அட்டைகள் சொல்வதில்லை. இந்தப் பொருளின் பெரிய குறையாக அதைத்தான் சொல்ல வேண்டும். 'சுவடு', 1 காட்டிய காம்புக்கு உடனே ஆன்டிபயாட்டிக் வேண்டாம். மிச்சமில்லாமல் கறப்பது, கறந்தவுடன் காம்பை மருந்தில் முக்குவது, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது, இவை போதும். முக்குவதற்கு 5 சதவீதப் பொவிடோன் அயோடின் கரைசலே நல்லது, அதில் கிடைக்கும் அயோடின் 0.5 சதவீதம். தோல் வெடிக்காமலிருக்கக் கொஞ்சம் கிளிசரின் சேர்க்கலாம். சிறு கிண்ணத்தில் ஊற்றிக் காம்பு முழுவதும் நனைய முக்குங்கள்; சாணி கலந்தால் அந்தக் கரைசலைக் கொட்டிவிடுங்கள். கறந்த பின் காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாகும். அதுவரை மாடு படுக்காமலிருக்கத் தீவனம் வைத்து நிறுத்துங்கள். மருந்தைவிட இந்தப் பழக்கம் அதிகக் காம்புகளைக் காப்பாற்றும். கட்டைவிரலை மடித்து அழுத்திக் கறப்பதை விட்டு, முழுக் கைப்பிடியில் கறக்க வேண்டும். நோய் காட்டிய மாட்டைக் கடைசியாகக் கறங்கள். அந்தக் காம்பின் பாலைத் தரையில் பீய்ச்சாதீர்கள், கன்றுக்கும் விடாதீர்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முறைப்படுத்தி, தேசியப் பால்வள வாரியமும் நாடெங்கும் பரப்பிய மூலிகைப் பத்து இங்கே பொருத்தமாக வரும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். தோலோடு அரைத்தால் செக்கச்சிவந்த விழுதாகும். ஒரு கைப்பிடி எடுத்து 150 முதல் 200 மி.லி. தண்ணீரில் கரைத்து, மடியை நன்றாகக் கறந்து கழுவிய பின் முழுவதும் பூச வேண்டும். நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள். பலர் காலையும் மாலையும் இரண்டு முறை பூசிவிட்டுக் கேட்கவில்லை என்கிறார்கள். சுண்ணாம்பைக் கண் அளவில் அள்ளிப் போட்டால் காம்புத் தோல் வெந்துவிடும், 15 கிராம் என்றால் நிறுத்தே போடுங்கள். தொடக்க நிலைக்கு இது நல்ல முறை. காய்ச்சலோடு வரும் மடிநோய்க்கு இதை மட்டும் நம்பி ஒரு நாள் தள்ளினாலும் காம்பு போய்விடும், சமயத்தில் மாடே போய்விடும்.

ட்யூப் போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், காம்பை முழுக்கக் கறந்துவிட்டு, நுனியை ஆல்கஹாலால் துடைத்து, ட்யூபின் மூக்கைச் சில மி.மீ. மட்டும் நுழைத்தால் போதும். அடிவரை குத்தினால் துவாரத்தின் காப்பு உறை கிழிந்து, வெளிக்கிருமியை நாமே உள்ளே தள்ளுகிறோம். ஒரு காம்புக்கு ஒரு ட்யூப். பாதி இதில் பாதி அதில் என்பது இரண்டையும் கெடுக்கும். சொன்ன நாள் முடியும் முன்பே நிறுத்தாதீர்கள். லேபிளில் எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்று இருக்கிறதோ அத்தனை நாள் நாலு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும், ஒரு காம்பில்தானே போட்டோம் என்ற கணக்கு செல்லாது. லேபிளில் குறிப்பிட்ட நாள் இல்லையென்றால், 2012இல் வந்த மருந்து விதித் திருத்தத்தின்படி பாலுக்குக் குறைந்தது 7 நாள். வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாம் எழுதுவார்கள். பழைய சீட்டைக் காட்டி டைக்ளோஃபினாக் கேட்க வேண்டாம்; மாடுகளுக்கு அதை 2006இலும், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் 2023இலும் தடை செய்தார்கள். அந்த மருந்து ஏறிய மாடு செத்தால் அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகும் சாகும். நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

சிகிச்சை முடிந்த ஐந்தாம் நாளே தட்டில் பார்த்து, 'இன்னும் 2 காட்டுதே' என்று அடுத்த சுற்று மருந்துக்குப் போகிறார்கள். கிருமி ஒழிந்த பிறகும் வெள்ளணுக்கள் அடங்க வாரக்கணக்கில் ஆகும். பால் கண்ணுக்குச் சரியாகி, மடி மெத்தென்று ஆகியிருந்தால் மூன்று நாலு வாரம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் அடங்காமல், மாதா மாதம் அதே காம்பு 2, 3 காட்டினால் கறவைக் காலத்தில் அதோடு மல்லுக்கட்டாமல், ஈற்றுக்கு 60 நாள் முன்பு பால் வற்றவிடும்போது கடைசிக் கறவை முடிந்ததும் நாலு காம்புக்கும் வற்றுக்கால ட்யூப் போடுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மருந்து நீண்ட நாள் மடியில் தங்குவதால் அப்போதுதான் பலன் அதிகம். ஆகவே வற்றவிடுவதற்கு ஓரிரு வாரம் முன்பு ஒரு சோதனை கட்டாயம். தேதி, மாட்டின் பெயர், முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று ஒரு நோட்டில் எழுதாவிட்டால் இதெல்லாம் நினைவில் நிற்காது.

தட்டின் விலையை ஒரே நாளில் மீட்டுத் தரும் இடம் சந்தை. ஈரோடு கருங்கல்பாளையத்திலோ பொள்ளாச்சியிலோ கறவை மாடு பிடிக்கும்போது, மடி பெரிதாகத் தெரிய ஒரு வேளை கறக்காமல் கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். நாலு காம்பிலும் பீய்ச்சிப் பார்க்க விடச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே ஒரு முடிவு. ஒரு காம்பு 3 காட்டினால் அது மூன்று காம்பு மாட்டுக்கான விலை, அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

எருமைக்கும் இதே தட்டு, இதே படிகள். வெள்ளாட்டுக்கு மட்டும் அட்டையை அப்படியே நம்பாதீர்கள். நோயில்லாத ஆட்டிலேயே அணு எண்ணிக்கை மாட்டைவிடக் கூடுதல், கறவைக் காலத்தின் கடைசியில் இன்னும் ஏறும். 'சுவடு', 1 இரண்டையும் விட்டுவிடுங்கள். இரண்டு காம்பில் ஒன்று தெளிவாகவும் மற்றது 2, 3 என்றும் வந்தால்தான் மடியைத் தடவிப் பார்க்க வேண்டும்.